துவைத்த கம்பளி

நோர்வூட் கடைவீதியில் ஹமீது நானாவின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் ஒரு விறகுக் கொட்டில் இருந்தது. அதைப் பாதியாய்த் தடுத்து, தகரம் அடித்து வாடகைக்கு விட்டிருந்தார். அதில் மூன்று பேர் குடியிருந்தார்கள். ஒருத்தி நாகலெட்சுமி. மற்ற இருவரும் நாய்கள்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்பளி.

மலையில் மழை வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. கறுத்த முரட்டுக் கம்பளியை மடித்துத் தலையில் போட்டால் முழங்கால் வரை தொங்கும். தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அதுதான் கூரை, அதுதான் சுவர். தோட்டத்தில் பேர் பதிந்த ஆட்களுக்கு வருசத்துக்கு ஒன்று கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இருந்தாலும் கொடுக்கிற அன்றைக்குத் துரை முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதோ அவர் அப்பன் வீட்டுச் சொத்தை அள்ளி வீசுகிற மாதிரி.

நாகலெட்சுமிக்கு அந்தக் கம்பளியும் கிடைக்காது. அவள் பேரை வெட்டிவிட்டார்கள். அப்போது அவள் வேறொரு தோட்டத்தில் இருந்தாள். புருசன் செத்த வருசம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணி அவள் தோளில் கையை வைத்தார். அவள் கூடையாலேயே அவர் முகத்தில் ஒன்று போட்டாள். விசாரணை வைத்தார்கள். கூடையால் அடித்தாயா என்று கேட்டார்கள். கை எதற்குத் தோளுக்கு வந்தது என்று ஒருவனும் கேட்கவில்லை. வேலை போனதற்கான பத்துச்சீட்டைக் கையில் திணித்து, லயத்து வரிசையில் அவள் குடியிருந்த காம்பிராவைப் பூட்டி வெளியே அனுப்பினார்கள். வரும்போது அவள் தலையில் கிடந்த கம்பளிதான் இந்தக் கம்பளி.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. வெற்றிலை வியாபாரம் தொடங்கினாள். காலை பஸ்ஸில் அட்டனிலிருந்து வெற்றிலைக் கட்டு வந்து இறங்கும். பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு எல்லாம் ஹமீது நானா கடையில் எடுத்துக்கொள்வாள். கூடையைத் தலையில் வைத்தால் நேரே குருவிமலைத் தோட்டம். அங்கே மலை மலையாக ஏறி, நிரை பிடித்து நிற்கிற பெண்களுக்கு அவர்கள் இடத்திலேயே கொண்டுபோய்க் கொடுப்பாள். வெளியாள் தோட்டத்துக்குள் விற்க, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவின் அனுமதி வேண்டும். அனுமதி என்றால் வேறொன்றுமில்லை, அவளைக் கண்டால் அவர் வேறு பக்கம் பார்ப்பார்.

வெயில் நாளில் வெற்றிலை அவ்வளவாக ஓடாது. மழை நாளில்தான் ஓடும். குளிருக்கு வாயில் ஏதாவது காரமாகக் கிடக்க வேண்டும். காலில் ஏறுகிற அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் வேண்டும். வானம் பொத்துக்கொண்டு ஊற்றினால் நாகலெட்சுமிக்குச் சோறு.

வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போதுதான் அந்தக் கம்பளியும் வேண்டும். ஆனால் கம்பளி இப்போது அவளுடையது இல்லை. நாயுடையது.

நாய்களில் மூத்தவள் செவலை. கொட்டிலோடு சேர்ந்து வந்தவள். ஒரு கண்ணில் பூ விழுந்து, விறகுக் குவியலின் அடியில் சுருண்டு கிடப்பாள். வாடகைக்கு வந்தது நாகலெட்சுமிதான், செவலை வீட்டுக்காரி என்பதுபோல ஒரு பார்வை. அவளால் தொல்லை எதுவுமில்லை.

தொல்லை இளையவனால். வெளுத்த மயிர், சிவந்த மூக்கு, எந்நேரமும் கால் நீட்டிப் படுக்கை. வேலைவெட்டி கிடையாது, ஆனால் சாப்பாட்டுக்கு முதல் ஆள். அதனால் அவனுக்குத் ‘தொரை’ என்று பேர் வைத்தாள்.

தொரை குருவிமலைத் தோட்டத்துப் பிறப்பு. சின்னத்தம்பி என்ற ஆளின் நாய். பிரஜாவுரிமை மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சின்னத்தம்பி குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினான். நாய் பின்னாலேயே ஸ்டேசனுக்கு ஓடிவரும் என்று அதைக் காம்பிராவுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினான். நாங்க போனதும் திறந்து விட்டுருங்க என்று பக்கத்துக் காம்பிராவில் சொன்னான். அவர்கள் ஸ்டேசன்வரை போய் அழுதுவிட்டு வந்தார்கள். கதவை மறந்துபோனார்கள். ஆட்கள் போன காம்பிராவில் சத்தம் வந்தால் பேய் என்று நினைக்கிற ஊர் வேறு. சில நாள் கழித்து நாகலெட்சுமி அந்த லயத்தில் வெற்றிலை கொடுக்கப் போனபோது கதவுக்குள் ஏதோ பிறாண்டுவது கேட்டது. நாதாங்கியைத் தட்டித் திறந்தாள். எலும்பும் தோலுமாக ஒன்று வந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் தலையிலிருந்த கம்பளியை எடுத்து அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்துக் காம்பிராக்காரிக்கு அன்றைக்குக் கிடைத்த வசவை அவள் இன்றைக்கும் மறந்திருக்க மாட்டாள்.

அன்று முதல் கதவு சாத்தினால் தொரைக்கு ஆகாது. நாகலெட்சுமி தெரு முனை திரும்புவதற்குள் ஊளை தொடங்கிவிடும். அப்படியொரு ஊளை. ஹமீது நானாவின் மனைவி பௌசியாவுக்குக் கைக்குழந்தை. அது திடுக்கிட்டு வீரிடும். பௌசியா வேலிக்கு வந்து நிற்பாள்.

“நாகலெட்சுமிக்கா, ஒங்கட தொரை என்ட புள்ளயத் தூங்க விடுறானில்ல. ஒண்டு அவன் வாயக் கட்டுங்க, இல்லாட்டி என்ட காதக் கட்டுங்க.”

“நீங்க ஒங்க புள்ளைய என்கிட்டக் குடுங்க தங்கச்சி, நான் என் புள்ளைய ஒங்ககிட்டத் தர்றேன். யாரு பெரிசா அழுவுறாங்கன்னு பாப்போம்.”

“அல்லாவே! இந்த வாய்க்குத்தான் ஒங்கட பேர வெட்டினது.”

“வாய்க்கு இல்ல. கூடைக்கு.”

கட்டிப் பார்த்தாள், கயிற்றை அறுத்தான். கதவைத் திறந்து விட்டுப் பார்த்தாள், பாதி வழியில் பின்னால் வந்து நின்றான். ஒருநாள் நல்ல வெயில். கம்பளியை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது பௌசியா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “இண்டைக்கு மூச்சே இல்லக்கா. அந்தக் கம்பளியில மூக்க வச்சுக்கொண்டு படுத்தவன்தான்.”

அப்படித்தான் கம்பளி கைமாறியது. காலையில் சோற்றில் கருவாட்டுத் தலையைப் பிசைந்து இரண்டு பேருக்கும் வைப்பாள். தண்ணீர்ச் சட்டியை நிரப்புவாள். மூலையில் கம்பளியை விரித்து, “இது இங்கதான் இருக்கு, நானும் வந்திருவேன், விளங்குதா?” என்பாள். தொரை கம்பளியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அதன் மடிப்புக்குள் மூஞ்சியைச் செருகுவான். அந்தக் கம்பளியில் அவள் தலை எண்ணெய் இருந்தது, அடுப்புப் புகை இருந்தது, வெற்றிலை வாடை, வேர்வை, வருசக்கணக்கான மழை எல்லாம் இருந்தது. அவனுக்கு அதுதான் அவள்.

மத்தியானம் பௌசியா வருவாள். நீளமான மூங்கில் காம்பு போட்டு ஓர் அகப்பை செய்து வைத்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்றபடியே அதை நீட்டி மிச்சச் சோற்றைச் சட்டியில் தட்டுவாள். “எனக்கு இதுகளத் தொட ஏலாது. ஆனா பசியில கெடக்கிறதப் பாத்துக்கொண்டு ஈக்கவும் ஏலாது” என்பாள். செவலைக்கு ஒரு கண் தெரியாது என்பதால் அவள் பக்கத்துக்கு இரண்டு தரம் தட்டுவாள்.

ஆனி மாசம் மழை பிடித்தது. விடாத மழை. தலையில் ஒரு வாழை இலை, முதுகில் கிழிந்த சேலைத்துண்டு, இதுதான் நாகலெட்சுமியின் கோலம். நிரையில் நிற்கிற மீனம்மா பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“எங்கடி ஒன் கம்பளி? அடகு வச்சிட்டியா?”

“தொரை போட்டுருக்காரு.”

“எந்தத் தொரை?”

“எங்க வீட்டுத் தொரை. ஒங்க தொரை கம்பளி குடுத்துட்டுக் காசு புடிப்பாரு. எங்க தொரை கம்பளிய வாங்கிக்கிட்டு ஒண்ணும் குடுக்க மாட்டாரு. ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?”

நிரையே சிரித்தது. மேலே பாதையில் குடையோடு நின்ற கண்டாக்கையா எட்டிப் பார்க்க, எல்லாரும் குனிந்து கொழுந்தைக் கிள்ளினார்கள்.

அந்த மாசத்தில்தான் அந்த உத்தரவும் வந்தது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ஒரு வெறிநாய் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டது. இனிமேல் மலையில் எந்த நாயைக் கண்டாலும் சுட வேண்டும், அந்த நாய்க்குச் சொந்தக்காரர் வெளியாள் என்றால் அவரும் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. காவல்காரர் பழனியாண்டியின் கையில் ஒரு துவக்கைக் கொடுத்தார்கள். சுட்டதற்குச் சாட்சியாக வாலை அறுத்துக்கொண்டு வந்து காட்ட வேண்டும். வாலுக்கு இவ்வளவு என்று கூலி.

பழனியாண்டி தினமும் நாகலெட்சுமியிடம் ஓசி வெற்றிலை போடுகிறவர். சுண்ணாம்பைக் கட்டைவிரலில் தடவியபடி சொன்னார்.

“இந்தா பாரு புள்ள. ஒன் நாய் இந்தத் தோட்டத்துல பொறந்தது. வழி தெரிஞ்சது. வந்திரப் போவுது.”

“வராதுண்ணே.”

“வந்துச்சுன்னா நான் சுட்டுத்தான் ஆவணும். எனக்கும் பேரு இருக்கு, வெட்டிருவாங்க.”

“அதான் வராதுங்கிறேன்ல. வெத்தில வேணுமா வேணாமா?”

நனைந்து நனைந்து ஒருநாள் கூடையை இறக்கி வைக்கவே முடியாமல் வந்து விழுந்தாள். காய்ச்சல். உடம்பு கொதித்தது. தொரைக்கு அது திருவிழா. நாள் முழுக்க அவள் வீட்டில். அவள் கழுத்தடியில் தலையை வைத்துக்கொண்டு அசையவே மாட்டான். செவலைகூட விறகடியை விட்டு வந்து அவள் பாதத்தின்மேல் படுத்துக்கொண்டாள். பௌசியா இஞ்சியும் கொத்தமல்லியும் போட்டுக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

“நாய்க்குக் கம்பளி, ஒங்களுக்குக் காய்ச்சல். நல்ல ஞாயம்.”

“அவனுக்கு நான் இல்லாட்டி யாரு இருக்கா?”

“நீங்க மௌத்தாப் போனா யாரு ஈக்கிது அவனுக்கு? அதச் சொல்லுங்க முதல்ல.”

நாகலெட்சுமி தொரையின் பிடரிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

போகும்போது பௌசியா மூலையில் கிடந்த கம்பளியை ஒரு குச்சியால் தூக்கி மூக்கைச் சுளித்தாள். “இதில படுத்தா காய்ச்சல் வராம என்ன வரும்?” என்று எடுத்துப் போனாள். நாகலெட்சுமிக்கு அது கனவு மாதிரித்தான் தெரிந்தது.

காய்ச்சல் விட்டு எழுந்த அன்று காலையில் கம்பளி திரும்பி வந்தது. பௌசியா அதைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்து, கடைப் பின்கட்டில் நாட்கணக்காகக் காயவைத்து, சாம்பிராணிப் புகையும் காட்டி, நான்காய் மடித்துக் கொண்டுவந்தாள். நாகலெட்சுமி அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அம்மா செத்த நாளிலிருந்து அவளுக்கென்று ஒருத்தரும் ஒரு துணியைத் துவைத்ததில்லை. “கை வலிச்சிருக்குமே தங்கச்சி” என்றாள்.

“வலிச்சது. ஒங்கட ஊத்தைய ஆத்துத் தண்ணியும் கொண்டு போகாது.”

அந்தச் சந்தோசத்தில் அவள் ஒன்றை மறந்துபோனாள். மலையில் எவளும் கம்பளியைத் துவைக்க மாட்டாள். புகையும் எண்ணெயும் ஏறிப் பழுத்தால்தான் அது தண்ணீரை விடாது. பௌசியா கம்பளை டவுனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலையில் ஏறிக் கொழுந்து எடுத்தவளா, அவளுக்கு என்ன தெரியும்? நாகலெட்சுமிக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

பௌசியாவிடம் கேட்டு வெங்காயம் வந்த சாக்கு ஒன்றை வாங்கினாள். ஒரு மூலையை உள்ளே மடக்கித் தலையில் போட்டுக்கொண்டாள். கம்பளி மாதிரி வராது, ஆனால் வாழை இலைக்கு எவ்வளவோ மேல். தொரைக்குப் புதுசாய் வெளுத்த கம்பளியை விரித்தாள். “பாருடா, மாப்பிள்ளைக்குப் போடுற மாதிரி” என்றாள். கதவைச் சாத்தாமல், உத்தரவை நினைத்துக் கயிற்றைக் கட்டினாள். கூடையைத் தூக்கினாள். எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று மழையில் பாடிக்கொண்டே போனாள்.

குருவிமலையில் அன்று மேக மூட்டம். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. நிரையில் பெண்கள் கறுப்புக் கம்பளிகளாக நின்றார்கள். நாகலெட்சுமி நிரையின் கடைசியில் ராசம்மாவுக்கு வெற்றிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதையில் கண்டாக்கையா. அவருக்குப் பக்கத்தில் துவக்கோடு பழனியாண்டி.

கீழேயிருந்து யாரோ கத்தினார்கள். “நாய்! நாய் வருது!”

மேகத்துக்குள்ளிருந்து வெள்ளையாய் ஒன்று வந்தது. கழுத்தில் அறுந்த கயிறு. தேயிலைக்கு அடியில் நுழைந்து நிரைக்குள் வந்தான் தொரை. வெறி எதுவும் இல்லை, தேடல். முதல் கம்பளியின் ஓரத்தை முகர்ந்தான். அது இல்லை. அடுத்தது. அதுவும் இல்லை. மீனம்மாவின் முழங்காலில் மூக்கை வைத்தான், அவள் “ஐயோ” என்று கூடையோடு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு கம்பளியாக முகர்ந்துகொண்டே வந்தான். அவன் தேடியது கம்பளி. அவள் போட்டிருந்தது வெங்காயச் சாக்கு. மழை வேறு வாடையையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. நாகலெட்சுமியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் அவளைத் தாண்டிப் போனான்.

கண்டாக்கையா கத்தினார். “சுடுய்யா!”

“பொம்பளைங்க நிக்கிறாங்க ஐயா.”

நிரை முடிந்தது. தொரை வெளியே, பாதை ஓரத்து வெறும் தரையில் வந்து நின்றான். மூக்கை மேலே தூக்கினான். ஒருவரும் குறுக்கே இல்லை. பழனியாண்டி துவக்கைத் தோளுக்கு எடுத்தார்.

நாகலெட்சுமி வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். நாய் யாருடையது என்று ஒருத்தியும் காட்டிக் கொடுத்திருக்க மாட்டாள். வாயைத் திறந்தால் இந்தத் தோட்டம் போய்விடும். அவளுக்குச் சோறு போடுவது இந்தத் தோட்டம்தான். இத்தனையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவன் அந்த மூடின கதவுக்குப் பின்னால் நின்ற மாதிரியே நிற்கிறான்.

“தொரை! டேய் தொரை! இங்கடா! இங்க பாருடா!”

மலை கிடுகிடுத்தது. தொரை திரும்பினான். குரலைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடிவந்து அவள் நெஞ்சில் பாய்ந்தான். அவள் கூடையோடு சரிந்து அவன்மேல் கவிழ்ந்து, சாக்கால் அவனை மூடிக்கொண்டாள். வெற்றிலை சேற்றில் சிதறியது.

கண்டாக்கையா இறங்கி வந்தார்.

“என்ன சொல்லிக் கூப்ட்ட?”

“அது பேரச் சொல்லிக் கூப்ட்டேனுங்க.”

“என்ன பேரு?”

“மலை பூரா கேட்டுச்சே, ஒங்களுக்குக் கேக்கலீங்களா?”

ஒரு கம்பளிக்குள்ளிருந்து சிரிப்பை அடக்கமாட்டாத இருமல் வந்தது. கண்டாக்கையாவின் காது சிவந்தது. “இவ இனிமே இந்தத் தோட்டத்துக்குள்ள கால் வைக்கக் கூடாது. நாயை இழுத்துப் போட்டுச் சுடுய்யா.”

நாகலெட்சுமி எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அடியில் தொரையின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நிரையில் ஒரு கையும் கொழுந்தில் இல்லை. கண்டாக்கையா அதைக் கவனித்தார். “என்ன வேடிக்கை? எடுங்க கொழுந்த!”

ராசம்மா வெகு பணிவாகச் சொன்னாள். “கை நடுங்குதுங்க ஐயா. துவக்கப் பாத்துப் பயந்து போயிட்டோம். இந்தக் கையோட எடுத்தா முத்தல் எலையும் காம்புமாத்தான் வரும்.”

“ஆமாங்க ஐயா, எனக்கும் நடுங்குது” என்றாள் மீனம்மா. அப்படியே நிரை நெடுகிலும் நடுக்கம் பரவியது.

பழனியாண்டி தொண்டையைச் செருமினார். “ஐயா, இங்க வச்சிச் சுட்டா நாளைக்கும் இதுங்க வேலை செய்யாதுங்க. கீழ ஆத்துப் பக்கம் இழுத்துட்டுப் போய் முடிச்சிர்றேன். வால் கொண்டாந்து காட்டுறேன்.”

கண்டாக்கையா கையை வீசினார். பழனியாண்டி அறுந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார். நாகலெட்சுமி கூடவே போனாள். வழி நெடுக அவரையும் அவர் பரம்பரையையும் இழுத்துப் பேசினாள். தினமும் தின்ற வெற்றிலையைச் சொன்னாள், அது நாக்கில் புழுவாய் நெளியட்டும் என்றாள். அவர் கயிற்றை விடாமல் நடந்தார். ஆற்றோரத்துப் பாறைக்குப் பின்னால் வந்ததும் துவக்கை மேலே தூக்கி மேகத்தைச் சுட்டார்.

சத்தம் மலைக்கு மலை மோதி வந்தது. அவள் கண்ணைத் திறந்தபோது தொரை அவள் முந்தானைக்குள் தலையைப் புதைத்திருந்தான். பழனியாண்டி இடுப்பிலிருந்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்தார்.

“வாயப் புடிச்சுக்க.”

“என்னண்ணே செய்யப் போற?”

“வாலுக்குத்தான் கணக்கு புள்ள. முழு நாய யாரு கேட்டா? வால் போயிட்டா இவன் செத்தவன். அதுக்கப்புறம் எவனும் இவனச் சுட மாட்டான், சுட்டாலும் காட்டுறதுக்கு வாலு இல்ல. நல்லாப் புடி. ஒரே வெட்டு.”

அவள் தொரையின் தலையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அவன் காதில் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கத்தி இறங்கியபோது அவன் அவள் மணிக்கட்டைக் கவ்வினான். கவ்வினான், கடிக்கவில்லை. பல் பதிந்த இடம் சிவக்கக்கூட இல்லை. கூடையில் மிஞ்சிய புகையிலையை மென்று காயத்தில் வைத்து, வெற்றிலையைச் சுற்றி, சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினாள். அப்போதுதான் அழுதாள்.

“கம்பளிய விட்டுட்டுத்தானேண்ணே வந்தேன். ஏன் இப்படி வந்தான்?”

“எந்தக் கம்பளி?”

“என் கம்பளிதான். பௌசியா தங்கச்சி நல்லாத் தொவச்சு…” பாதியில் நின்றுவிட்டாள்.

பழனியாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “கம்பளியத் தொவச்சீங்களா? அடி பைத்தியங்களா! அப்ப ஒன்னயத் தொவச்சு ஆத்துல விட்டுட்டு, வெறுந்துணிய அதுக்கிட்டக் குடுத்துட்டு வந்திருக்க.” வாலை ஒரு தேயிலைக் கொத்தில் சுருட்டிக்கொண்டு எழுந்தார். “ரொம்ப நெனைக்காத. எல்லா நாயையும் இப்படி விட்டேன்னு நெனச்சுக்காத. ஒன் வெத்திலய ஓசியில தின்னு பழகிட்டேன், நாளைக்கு யாரு தருவா?”

கொட்டிலில் பௌசியா கட்டுப்போட்ட வாலைப் பார்த்தாள், விசயத்தைக் கேட்டாள், வேலியைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். “நான்தானேக்கா கொல்லப் பாத்தது. நல்லது செய்யப் போய்…”

“நீங்க எனக்குத் தொவச்சீங்க தங்கச்சி. அது அவன் மூக்குக்குத் தெரியல, அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சுது.”

பௌசியா அகப்பையை நீட்டினாள். அதில் அன்று சோறில்லை, இறைச்சித் துண்டு.

பிறகு என்ன செய்வது? கம்பளிக்கு அவள் வாடை திரும்பும்வரை அதைப் போர்த்திக்கொண்டு அடுப்பருகிலேயே உட்கார்ந்திருந்தாள். வேறு தோட்டம் தேடலாம். அங்கும் ஒரு கண்டாக்கு இருப்பான், ஒரு துவக்கு இருக்கும், இங்கே இவன் ஊளையிடுவான். யோசித்து யோசித்துக் கோபம்தான் வந்தது. தோட்டத்துக்குள்தானே கால் வைக்கக் கூடாது? ரோட்டில் வைக்கலாமல்லவா? ரோடு கவர்மென்டுடையது.

குருவிமலைத் தோட்டத்து எல்லையில் பெரிய ரோடு வளைகிற இடத்தில் ஒரு மதகு உண்டு. மதகுக்கு அந்தப் பக்கம் தேயிலை, இந்தப் பக்கம் தார். நாகலெட்சுமி மூங்கில் நட்டு வெங்காயச் சாக்கை இழுத்துக் கட்டி, தார்ப் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்தாள். ஒரு பக்கம் தொரை. இன்னொரு பக்கம் செவலை. தூக்கிக்கொண்டுதான் வந்தாள் அந்தக் கிழவியை. மலை ஏற வேண்டியதில்லை, கதவைச் சாத்த வேண்டியதில்லை. ஆட்கள் வருவார்களா என்பதுதான் தெரியவில்லை.

முதல் நாள் ஒருத்தியும் வரவில்லை. வெற்றிலை வாடிப்போயிற்று. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மேலேயிருந்து மீனம்மா இறங்கி வந்தாள், மூச்சிரைக்க. பின்னால் ராசம்மா. பின்னால் இன்னும் கறுப்புக் கம்பளிகள்.

“ஒனக்காக எவ்வளவு தூரம் எறங்க வேண்டியிருக்கு பாத்தியா?”

“நான் ஒங்களுக்காக எவ்வளவு தூரம் ஏறுனேன், அதப் பாத்தியா?”

எல்லா நாளும் வர முடியாது அவர்களால். மேல் மலையில் வேலை போட்டால் இறங்க நேரமிருக்காது. வியாபாரம் முன்போல இல்லை. ஹமீது நானா வாடகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பழனியாண்டி மட்டும் தவறாமல் வந்தார், ஓசிக்கு.

ஒருநாள் நல்ல மழையில் கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் வந்தார். மதகடியில் நிறுத்திக் காலை ஊன்றினார். வெளுத்த நாயையே பார்த்தார்.

“இது அந்த நாய் மாதிரி இருக்கே.”

“அது செத்துருச்சுங்களே ஐயா. வால நீங்கதானே பாத்தீங்க?”

அவர் குனிந்து நாயின் பின்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அதே நாய்தான் என்று சொன்னால், பழனியாண்டியின் கூலிக்குக் கையெழுத்துப் போட்ட தன்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

“இதுக்கு என்ன பேரு?”

“பேரு இல்லீங்க” என்றாள் நாகலெட்சுமி. “வெட்டிட்டாங்க.”

அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். அது இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் கிளம்பியது. வளைவில் மறையும்வரை அவள் சிரிக்கவில்லை.

மழை வலுத்தது. சாக்குக் கூரை ஒழுகத் தொடங்கியது. அவள் கம்பளியை விரித்துத் தன் தலைமேல் போட்டு, ஒரு பக்கத்தைச் செவலைக்கும் ஒரு பக்கத்தை அவனுக்கும் இழுத்துவிட்டாள். சவுக்காரம் போட்ட கம்பளி, முன்போல நிற்கவில்லை, தண்ணீர் உள்ளே சொட்டியது. மூன்று பேருக்கும் முதுகு நனைந்தது. மேலே பாதையில் பெண்கள் இறங்கி வருகிற பேச்சுக் கேட்டது.

தொரை காதை நிமிர்த்தினான். வால் இருந்த இடத்தில் மிஞ்சிய துண்டு வெற்றிலைக் கூடையை டொக் டொக்கென்று தட்டியது.

“மெதுவாடா” என்றாள் நாகலெட்சுமி. “கூடை ஒடஞ்சிரும்.”